மெஷினுக்கு லோரித் தொழில் எழுதிக் கொடுத்த கதை

கம்ப்யூட்டருக்குக் குறிப்பு எழுதுவதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்கிறவர்கள் ஒரு வாரம் என் நாற்காலியில் வந்து உட்காருங்கள். திட்டு வாங்க இரண்டு காது பத்தாது.

என் பெயர் சாந்தி, லோரி புரோக்கர். சரக்கு வைத்திருப்பவருக்கு லோரி பிடித்துக் கொடுப்பேன், லோரி வைத்திருப்பவருக்குச் சரக்கு பிடித்துக் கொடுப்பேன், நடுவில் நின்று இரண்டு பக்கமும் சண்டை போடுவேன். கரங்கான் பக்கம் தோட்டத்து லயத்தில் பிறந்து, படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, பழைய டயர் விற்று, ஏமாந்து, பிறகு ஏமாறாமல் இருக்கக் கற்றுக்கொண்டு, சுங்கை பட்டாணியில் ஒரு மாடிக் கடையில் ஆபீஸ் போட்டவள். எனக்கு முதலீடு என்று இருந்தது வாய் ஒன்றுதான். அதை இன்னும் நான் மூடவில்லை.

ஊரெல்லாம் ஏஐ ஏஜெண்ட் வைக்கிறார்கள் என்று நானும் வைத்தேன். வாடிக்கைக்காரர் மெசேஜ் போட்டால் அதுவே படிக்கும், அதுவே லோரி தேடும், விலை சொல்லும், பதியும், டிரைவருக்கும் தகவல் அனுப்பும். இதைச் செய்து கொடுத்தவள் ஹேமா. கூலிமில் ஒரு ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறவள். எனக்குச் சரிக்குச் சரி வாயாடுவாள். அவள் சொன்ன கணக்கு இது: ஏஜெண்டுக்கு மூளை இருக்கிறது, கை இல்லை. லோரி தேட ஒரு டூல், விலை பார்க்க ஒரு டூல், பதிய ஒரு டூல் என்று கையை நாம்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு டூலோடும் அது என்ன செய்யும், எப்போது எடுக்கலாம், எப்போது தொடக் கூடாது என்று ஒரு விளக்கம் எழுதி வைக்க வேண்டும். ஏஜெண்ட் அந்த விளக்கத்தைத்தான் படிக்கும். அதில் இருப்பதை அப்படியே நம்பும். அதில் இல்லாததைத் தானாக நினைத்துக்கொள்ளும்.

புதிதாக வேலைக்கு வந்த ஆளிடம் ஒன்று சொல்லி, அவர் வேறொன்று செய்து, தலையில் அடித்துக்கொண்டவர்கள் யாராக இருந்தாலும் நீங்கள் என் கட்சி. வாருங்கள், சேர்ந்து அடித்துக்கொள்வோம்.

லோரி தேடும்

முதல் விளக்கங்களை ஹேமாதான் எழுதினாள். லோரி தேடும் டூலுக்கு அவள் எழுதியிருந்தது: "லோரி தேடும்." அவ்வளவுதான், முடிந்தது. நாய் என்றால் என்ன என்று கேட்டால் நாய் என்று பதில் சொல்கிற ரகம்.

என் பெரிய வாடிக்கைக்காரர் ஹனீபா பாய். சுங்கை பட்டாணியில் நாசி கண்டார் சோற்றுக்கடைகள் வைத்திருக்கிறார். தஞ்சோங் டாவாய் ஜெட்டியில் இறங்கும் மீன் தினமும் நம் லோரியில்தான் அவர் கடைகளுக்கு வரும். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். பாயின் மீன் நின்றால் என் ஆபீஸ் ஷட்டர் இறங்கிவிடும். இது எனக்கும் தெரியும், பாய்க்கும் தெரியும். அதனால்தான் விலை பேசும்போது மனிதர் ஒரு மாதிரி சிரிப்பார். ஏஜெண்ட் வந்த புதிதில் பாய் வழக்கம்போல மீனுக்கு லோரி கேட்டார். ஏஜெண்ட் தேடியது. பக்கத்தில் எது காலியோ அதைப் பிடித்து அனுப்பியது. காலை வரை செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டிருந்த திறந்த லோரி! குளிர்ப்பெட்டி வைத்த லோரி, திறந்த லோரி என்று இரண்டு ரகம் இருப்பதை யாரும் அதற்கு எழுதி வைக்கவில்லை. ஜெட்டியில் இருந்தவர்களும் "சாந்தி அனுப்பின லோரிதானே" என்று ஏற்றிவிட்டார்கள்.

உச்சி வெயிலில் ஊர்வலம் வந்து சேர்ந்த மீனைப் பார்க்க என்னையும் கூப்பிட்டார் பாய். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி, ஒரு தேத்தண்ணியோடு சமாதானம் ஆகியிருப்போம். மெதுவாகப் பேசினார்.

"ஏம்மா சாந்தி, மீன எண்ணெயில பொரிக்கிறது என் வேல. நீ ஏன் லோரியிலேயே பொரிச்சு அனுப்புற? மக கல்யாணம் வரைக்கும் பார்ப்பேன். விருந்துக்கு மீன் ஒழுங்கா வரல, அன்னைக்கே பினாங்குக்காரன் நடத்துற லோரி ஆப்புக்கு மாறிடுவேன்."

உள்ளதிலேயே சிறந்த டூல்

நேராக ஆபீசுக்கு வந்து ஹேமாவைப் பிடித்தேன். மீனுக்குக் குளிர்ப்பெட்டி வேண்டும் என்பதுகூடவா தெரியாது என்று கேட்டேன். "எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் மீன் வாங்குறது பசார்ல. நீ எந்த லோரியில வந்தேன்னு மீன்கிட்டயா கேட்டேன்? தொழில் தெரிஞ்சவங்கதான் எழுதணும். தமிழ்லயே எழுதுங்க, அதுக்குப் புரியும்" என்றாள். எழுதுகிறேன் பார் என்று உட்கார்ந்தேன். டயர் விற்ற கை சும்மா இருக்குமா? பதியும் டூலுக்கு இப்படி எழுதினேன்: "நம்மிடம் உள்ளதிலேயே மிகச் சிறந்த டூல். வேகமானது, நம்பகமானது. வாடிக்கைக்காரர் லோரி என்று வாயெடுத்தாலே இதைப் பயன்படுத்து." ஹேமா படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். பொறாமை என்று நினைத்தேன்.

ஏஜெண்ட் அத்தனையையும் நம்பிவிட்டது. விளம்பரத்தைப் பாதிதான் நம்ப வேண்டும் என்று நமக்கு அடிபட்டுப் பழக்கம். அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? திகாம் பத்துவில் ஒருவர், குரூணுக்கு வீட்டுச் சாமான் ஏற்ற எவ்வளவு ஆகும் என்று சும்மா கேட்டு மெசேஜ் போட்டார். மாமியார் வீட்டில் இருக்கிறவர். தனியாகப் போகலாமா என்று மனதுக்குள்ளேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தவர், பொண்டாட்டிக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. விலை பார்க்கத் தனியாக ஒரு டூல் இருக்கிறது. ஏஜெண்ட் அதைத் திரும்பிப் பார்க்குமா? மிகச் சிறந்ததைத்தான் எடுத்தது. மறுநாள் காலையில் லோரி வாசலில் போய் நின்று ஹாரன் அடித்தது. கதவைத் திறந்தது மாமியார்.

அன்றைக்கே பெருமையையெல்லாம் வெட்டிவிட்டு மாற்றி எழுதினேன்: "இந்த டூல் நிஜமாகவே லோரியை அனுப்பிவிடும். நாள், இடம், விலை மூன்றுக்கும் வாடிக்கைக்காரர் சரி என்று சொன்ன பிறகு மட்டும் எடு. விலை மட்டும் கேட்டால் விலை டூலை எடு." பிறகு அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்கப் போன் போட்டேன். குரூணிலிருந்து எடுத்தார்.

"மன்னிப்பெல்லாம் எதுக்குக்கா? போலாமா வேணாமான்னு நானா யோசிச்சிருந்தா என் பேரன் காலத்துலதான் போயிருப்பேன். லோரியப் பார்த்ததும் மாமியாரே சாமான ஏத்திட்டாங்க லா!"

உதாரணம்: கரங்கான்

எங்கே சரக்கு ஏற்ற வேண்டும் என்ற கட்டத்துக்கு, ஊர்ப்பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட ஓர் உதாரணம் போடச் சொன்னாள் ஹேமா. எனக்குப் பிறந்த ஊர்தான் முதலில் வாயில் வரும். "உதாரணம்: கரங்கான்" என்று போட்டேன். இதில் என்ன வில்லங்கம் வரப் போகிறது?

நம் வாடிக்கைக்காரர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். "நாளைக்கு லோரி வேணும்" என்று ஒரு வரி போடுவார்கள். எங்கே என்று சொல்ல மாட்டார்கள். அவர்கள் வீடு உலகத்துக்கே தெரியும் என்ற நினைப்பு. கட்டம் காலியாக இருந்தது, கண்ணெதிரே ஓர் ஊர் எழுதியிருந்தது, ஏஜெண்ட் எடுத்துப் போட்டு, எல்லாம் சரியா என்று கேட்டது, அவர்களும் படிக்காமலே சரி என்றார்கள். பீடோங்காரர் கேட்டாலும் கரங்கான், குரூண்காரர் கேட்டாலும் கரங்கான். பாய் மட்டும் ஊர்ப்பெயரை விடாமல் எழுதுகிற மனிதர், அதனால் தப்பித்தேன். அந்த வாரம் அதிகம் அலைந்தது முனியாண்டி அண்ணன். எனக்கு முதல் லோரி ஓட்டியவர், இப்போது குளிர்ப்பெட்டி லோரிக்கும் அவர்தான். சொன்ன இடத்துக்குக் கேள்வி கேட்காமல் போகிறவர். போய், காலி லோரியோடு கோப்பிக் கடையில் உட்கார்ந்து, யாராவது வருவார்கள் என்று காத்திருந்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்.

விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "இடம் சொல்லாவிட்டால் கேள். நீயாக நிரப்பாதே. உதாரணத்தில் உள்ள ஊர் வெறும் உதாரணம்." முனியாண்டி அண்ணனிடம் இனிமேல் அலைய வேண்டாம் என்று சொன்னபோது அவர் முகத்தில் கொஞ்சம் வருத்தம்கூடத் தெரிந்தது.

"கோப்பிக் கடையில எல்லாரும் என்னைய மாப்பிள்ளன்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க தங்கச்சி. பொண்ணு யாருன்னு மட்டும் சொல்லிடு, வீட்டுல நான் பேசிக்கிறேன்."

ராசியான டூல்

குளிர்ப்பெட்டி வேண்டுமா என்று கேட்கிற மாதிரி ஹேமா புதிதாக ஒரு பதியும் டூல் செய்தாள். பழையதை அழித்துவிடலாமா என்றாள். கூடவே கூடாது என்றேன். ஏஜெண்ட் வந்து முதல் ஆர்டர் விழுந்தது அந்த டூலில்தான். வியாபாரம் செய்கிறவர்களுக்குப் புரியும்: முதல் போணி ஆன மேசையைக்கூட நாம் நகர்த்த மாட்டோம். "அது ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும், உனக்கு என்ன பாரம்?" என்று கேட்டேன். ஹேமா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பழையதும் இருந்தது, புதியதும் இருந்தது, இரண்டுக்கும் ஒரே விளக்கம் இருந்தது.

திகாம் பத்துவில் ஒரு மரப்பட்டறையிலிருந்து பலகை ஏற்ற ஆர்டர் வந்தது. ஏஜெண்ட் பழைய டூலில் பதிந்தது. பிறகு இன்னொரு டூலும் அதையேதான் சொல்கிறது, எது சரி என்று தெரியாமல் அதிலும் பதிந்துவைத்தது. ஒரே பலகைக்கு இரண்டு லோரி போய் நின்றன. இரண்டு டிரைவர்களும் நான்தான் முதலில் வந்தேன் என்று சட்டைக்கையை மடக்கிவிட்டார்கள். பட்டறைக்காரர் அந்தப் பலகை மேலேயே உட்கார்ந்து, சுருட்டைப் பற்றவைத்து, பஞ்சாயத்தை ரசித்துவிட்டு, யாருக்கும் சரக்குத் தராமல் அனுப்பிவிட்டார். அவ்வளவுக்குப் பிறகும் நான் ஹேமாவிடம், புதியதை வேண்டுமானால் அழி, பழையதில் கை வைக்காதே என்றேன்.

"சரிக்கா, கை வைக்கல. பொட்டு வச்சு, மால போட்டு, ஏஜெண்ட் கைக்கு எட்டாம செவுத்துல மாட்டிடுறேன். வருஷா வருஷம் படையல் போட்டுக்குங்க."

அடிமட்ட விலை

விலை டூல் இரண்டு விலை காட்டும். ஒன்று நாம் சொல்லும் விலை. மற்றொன்று எவ்வளவு இழுத்தாலும் நான் இறங்கி நிற்கும் விலை. இரண்டாவதற்கு நான் எழுதிய விளக்கம்: "அடிமட்ட விலை. இதற்குக் கீழே போகக் கூடாது." மனிதனுக்கு இது போதும். கைச்சீட்டை எதிராளிக்குக் காட்டுகிற மடையன் உண்டா?

தளவாடக் கடைச் சீன முதலாளி ஒருவர், தவுக்கே என்று கூப்பிடுவோம், எனக்குப் பழைய எதிரி. தோட்டத்துக்குள் கடை வைத்து வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். விலை பேச உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் பொழுது போவதே தெரியாது. அவர் எழுந்து போவதாக நடிப்பார், நான் என் பிள்ளைகள் பட்டினி என்பேன். (எனக்குப் பிள்ளைகள் இல்லை. அது அவருக்கும் தெரியும்.) அவர் ஒருநாள் ஏஜெண்டிடம், கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். "முடியும். எங்கள் அடிமட்ட விலை இது" என்று முதல் பேச்சிலேயே எடுத்து நீட்டிவிட்டது! நான் குதித்த குதியில் கீழ்க்கடைக்காரர் மேலே ஏறி வந்து பார்த்தார். சொல்லும் விலையையே கடைசி விலை என்று சொல்லச் சொல்லி மாற்றி எழுதினேன். தவுக்கே விடுவாரா? உண்மையாகவே கடைசியா என்று கேட்டார். "இதற்குக் கீழே ஒரு விலை இருக்கிறது. அதை நான் சொல்வதை முதலாளி விரும்பவில்லை" என்றது ஏஜெண்ட்.

ஹேமாதான் வழி சொன்னாள். அது வெளியே சொல்லக் கூடாத விஷயத்தை அதன் கையில் கொடுப்பானேன்? அடிமட்ட விலையை டூலிலிருந்தே எடுத்துவிட்டாள். "விலை குறைக்கச் சொன்னால், அந்த அதிகாரம் உனக்கு இல்லை என்று சொல்லி சாந்தியிடம் அனுப்பு" என்று நான் எழுதினேன். தவுக்கே என்னிடமே வந்து சேர்ந்தார். ஏதோ கைதியாகக் கூட்டி வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"சாந்தி, அந்த மெஷின் ரொம்ப நல்ல ஆளு லா. கேட்டா சொல்லும். உன்கிட்ட பேசிட்டுப் போனா எனக்கு ரெண்டு நாளைக்குப் பிரஷர் மாத்திர கூட வேணும்."

பிழை

டிரைவருக்குச் செய்தி அனுப்பும் டூல் ஒன்று உண்டு. டிரைவரிடமிருந்து பதில் வராவிட்டால் அது "பிழை" என்று ஒரே ஒரு சொல்லை ஏஜெண்டிடம் திருப்பிக் கொடுக்கும். செய்தி போகவில்லையா, போய்ப் பதில் இல்லையா, டிரைவர் தூங்குகிறாரா, ஒன்றும் சொல்லாது. அரசாங்கக் கவுண்டரில் "சிஸ்டம் டவுன்" என்று சொல்லிவிட்டு நகத்தைப் பார்ப்பார்களே, அதே ஜாதி. நாமாக இருந்தால் வீட்டுக்குப் போய்விடுவோம். ஏஜெண்டுக்கு ரோஷம் கிடையாது. செய்தி போகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அனுப்பும். மறுபடியும் பிழை. மறுபடியும் அனுப்பும்.

புதிதாகச் சேர்ந்த டிரைவர் ஒருவர் போனை வீட்டிலேயே மறந்துவிட்டு லோரி எடுத்துப் போய்விட்டார். போன் கிடந்தது சமையலறை மேசையில். "எங்கே இருக்கிறீர்கள்? உடனே பதில் சொல்லுங்கள்." யார் அனுப்பியது என்று பெயர் இல்லை. சாம்பார் கொதிக்க ஆரம்பித்தபோது தொடங்கியது, சாம்பார் தீயும் வரைக்கும் நிற்கவில்லை. அவர் மனைவி அந்த எண்ணுக்கே போன் போட, அது என் மேசையில் வந்து விழுந்தது. இன்று அந்த டூல் திருப்பிக் கொடுப்பது இது: "செய்தி போய்விட்டது. டிரைவர் பதில் தரவில்லை. திரும்ப அனுப்பாதே, ஆபீசுக்குச் சொல்." எல்லாச் செய்தியிலும் முதலில் ஆபீஸ் பெயர் வரும். இதையெல்லாம் அந்த அம்மாவிடம் விளக்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தால்தானே?

"யாருடி நீ? கல்யாணமாகி இத்தன வருஷத்துல நானே அந்த மனுஷன் எங்க இருக்காருன்னு இப்படிக் கேட்டதில்ல. உனக்கு அவ்ளோ அக்கறன்னா வந்து கூட்டிக்கிட்டுப் போ, சட்ட துணியும் தரேன்!"

வந்துட்டேன்

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பாய் விருந்து மீனுக்கு ஆர்டர் போட்டார். வழக்கத்தைவிட எவ்வளவோ பெரியது. அவர் மகள் கல்யாணம், என் ஆபீஸின் ஆயுசு, இரண்டும் ஒரே நாளில். மிச்சம் இருந்த விளக்கங்களை எல்லாம் ஒருமுறை படித்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். டிரைவர் நிலை என்று ஒரு டூல். ஹேமா எழுதியிருந்தது: "லோரி எங்கே இருக்கிறது என்று சொல்லும்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லோரி எங்கே சொல்கிறது? டிரைவர் சொல்வதைத்தான் அது எடுத்துக் கொடுக்கிறது.

நம் டிரைவர்களின் பேச்சுக்குத் தனி அகராதி வேண்டும். "வந்துட்டேன்" என்றால் கிளம்பியிருக்கிறார். "கெளம்பிட்டேன்" என்றால் சட்டை தேடுகிறார். "பக்கத்துலதான்" என்றால் பல் விளக்கவில்லை. நமக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரியும், ஏஜெண்ட் அதைச் சத்தியவாக்காக வாடிக்கைக்காரருக்குச் சொல்லும். லோரிகளில் திருட்டுக்குப் பயந்து மாட்டிய இடங்காட்டி சும்மாதானே கிடக்கிறது என்று அதையும் ஒரு டூலாக்கச் சொன்னேன். பிறகு ஆத்திரம் தீர எழுதினேன்: "டிரைவர் நிலை: இது டிரைவர் வாயால் சொன்னது. லோரி அங்கே இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. லோரி இருக்கும் இடம்: இது இடங்காட்டி காட்டுவது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் வாடிக்கைக்காரரிடம் அப்படியே சொல். வேறு லோரி காலியாக இருக்கிறதா என்று பார்த்து அதையும் சொல். யார் மனதையும் ஆற்றுவதற்காக எதையும் சேர்க்காதே."

ஹேமா அதை ஆபீசில் உரக்கப் படித்தாள், வேண்டுமென்றே, முனியாண்டி அண்ணன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து. அவர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நான் பொய் சொல்றேன்னா எழுதுற தங்கச்சி? வந்துருவோம்ங்கிற நம்பிக்கையிலதான் வந்துட்டேன்னு சொல்றோம். அத எப்படி எழுதுவ, எழுது பார்ப்போம்."

கல்யாண மீன்

கல்யாணத்தன்று காலையில் நான் பட்டுப்புடவையோடு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. பாய். "லோரி எங்கம்மா?" முனியாண்டி அண்ணன் கிளம்பிவிட்டதாகக் கொஞ்சம் முன்னால்தான் செய்தி போட்டிருந்தார். நான் எதையும் பார்க்கவில்லை. பதற்றத்தில் இருக்கிற வாடிக்கைக்காரருக்கு முதலில் கொடுக்க வேண்டியது தைரியம். இது என் தொழிலில் அரிச்சுவடி. "பாய், பாதி வழி வந்து மெர்போக் தாண்டிருச்சு. இப்பதான் என் கண்ணால பார்த்தேன். நீங்க நிம்மதியா மாப்பிள்ளைய கவனிங்க" என்றேன். என் கண்ணுக்கு முன்னால் இருந்தது ஒரு பவுடர் டப்பா.

எனக்குப் போன் போடுவதற்கு முன்னால் அந்த மனிதர் ஏஜெண்டிடமும் கேட்டிருந்தார். நான் பேசி முடிக்கும்போது அதன் பதில் அவர் கையில் இருந்தது: "டிரைவர் கிளம்பிவிட்டதாகச் சொல்கிறார். லோரி இன்னும் தஞ்சோங் டாவாய் ஜெட்டியிலேயே இருக்கிறது. பீடோங்கில் குளிர்ப்பெட்டி வைத்த வேறொரு லோரி காலியாக இருக்கிறது. அதை ஜெட்டிக்கு அனுப்பட்டுமா?" அனுப்பு என்று பாய் ஒரு சொல் போட்டார். ஜெட்டியில் பேட்டரி இறந்துபோய், முனியாண்டி அண்ணன் இதோ எடுத்துவிடும், இதோ எடுத்துவிடும் என்று சாவியைத் திருகிக்கொண்டே இருந்தாராம். பீடோங் லோரி போய் மீனை மாற்றி ஏற்றிக்கொண்டு வந்தது. சமையல்காரர் சட்டியைக் காயவைத்துவிட்டுக் காத்திருந்தார், மீன் போய் இறங்கியது.

இது எதுவும் தெரியாமல் நான் மண்டபத்துக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தேன். பாய் தாமாகவே வந்து என் தட்டில் மீன்தலை வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து போனைத் திறந்து ஏஜெண்டின் பதிலைக் காட்டினார். படித்தேன். ஒவ்வொரு வரியும் நான் எழுதிக் கொடுத்தபடி, யார் மனதையும் ஆற்றாமல், கச்சிதமாக இருந்தது. "மெர்போக்ல நீ பார்த்தது யாரோட லோரிம்மா?" என்று கேட்டார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டால் எனக்கு முதலில் வருவது அதுதான். மீன் வந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்றேன். பாய் சிரித்தார். விலை பேசும்போது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு இல்லை, இது வேறு.

"வந்துச்சும்மா, நல்லா வந்துச்சு. பினாங்குக்காரன்கிட்டயெல்லாம் போகல, இங்கதான் இருப்பேன். ஆனா ஒண்ணு, இனிமே நீ போன்ல எது சொன்னாலும் உன் மெஷின்கிட்ட ஒரு தடவ கேட்டுக்குவேன். கோவிச்சுக்காத."

ஆக, இந்தத் தொழிலில் விளக்கத்தைத் தெளிவாக எழுதினால் வாடிக்கைக்காரர் எல்லாவற்றையும் நம்புகிறார், எழுதியவளைத் தவிர.